மருத்துவருக்கு இரண்டு, செவிலியருக்கு ஐந்து

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 106-ஆவது பிரிவை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், காரணமானவருக்கு ஐந்தாண்டு வரை சிறை. அதே தவறு பதிவுபெற்ற மருத்துவரால் சிகிச்சையின்போது நேர்ந்திருந்தால் இரண்டாண்டு வரை. யார் பதிவுபெற்ற மருத்துவர் என்பதற்கும் அங்கேயே விளக்கம் இருக்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஏற்ற படிப்பைப் படித்து, மருத்துவப் பதிவேட்டில் பெயர் ஏறியவர். செவிலியர் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார். ஆக, ஒரே வார்டில் ஒரே நோயாளிக்கு நேர்ந்த ஒரே தவறுக்கு, ஊசியை எழுதிக் கொடுத்தவருக்கு உச்சபட்சம் இரண்டு ஆண்டு. அதைப் போட்டவருக்கு ஐந்து ஆண்டு.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இந்தப் பாகுபாடு கிடையாது. எல்லோருக்கும் இரண்டு ஆண்டுதான். புதிய சட்டம் அதை ஐந்தாக உயர்த்தியபோது, மருத்துவர் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று அவர்களுக்கு மட்டும் பழைய அளவே நீடிக்கும்படி 2023 டிசம்பரில் வழி செய்யப்பட்டது.

மருத்துவர்களுக்குக் கிடைத்த சலுகையை நான் குறை சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றக் கை நீட்டியவரையும், கண்மூடித்தனமாக வண்டி ஓட்டி ஆளைக் கொன்றவரையும் ஒன்றாக நிறுத்த முடியாது. அந்த நியாயம் செவிலியருக்கும் அப்படியே பொருந்தும். அவர்கள் பெயர்தான் சட்டத்தில் ஏறவில்லை.

ஓமலூரிலிருந்து பார்த்தால்

டெல்லியில் எழுதிய ஒரு வரி இங்கே என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஓமலூர் நல்ல இடம். சேலத்திலிருந்து தர்மபுரி போகும் வழியில் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவு. தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டிப் போகிறது. வடக்கே, விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய். தாரமங்கலம் பக்கம் தறிகள், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம், சுற்றிலும் கிணற்றுப் பாசன வயல்கள்.

இந்த ஊர்ப்பக்கம் என்னென்ன நோயாளிகள் வருவார்கள் என்பது இதிலிருந்தே தெரியும். சாலையில் அடிபட்டவர், தறியில் விரல் சிக்கியவர், பாம்பு கடித்தவர், விஷம் குடித்தவர், வலி கண்ட கர்ப்பிணி, காய்ச்சலில் துவளும் குழந்தை. எல்லோரும் முதலில் வந்து இறங்குவது அரசு மருத்துவமனையில், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், அல்லது கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சிறிய நர்சிங் ஹோமில். அதற்கு மேல் என்றால் ‘சேலம் ஜி.எச்.’.

இந்த மூன்று இடங்களிலும் இரவில் நோயாளிக்குப் பக்கத்தில் விழித்திருப்பவர் சிஸ்டர்தான். டாக்டர் ஒருவர் இருப்பார்; அவசரப் பிரிவுக்கும் பிரசவ வார்டுக்குமாக ஓடிக்கொண்டிருப்பார். அல்லது போன் செய்தால் வருவார். தமிழகத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க முடிகிறது என்றால், அது மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை முறை வைத்து நிறுத்தி உருவாக்கிய ஏற்பாடு. தாய் இறப்பைக் குறைத்ததில் இந்த மாநிலம் பெருமை கொள்கிறது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு இவர்களுடையது.

சட்டம் கேட்கும் கேள்விகள்

கவனக்குறைவு வழக்கில் நீதிமன்றம் அடிப்படையில் நான்கு விஷயங்களைப் பார்க்கிறது. இவருக்கு அந்த நோயாளியிடம் கடமை இருந்ததா? அந்தக் கடமையில் தவறினாரா? நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டதா? அந்தப் பாதிப்பு இந்தத் தவறால்தான் வந்ததா? நான்குக்கும் ‘ஆம்’ என்றால்தான் கவனக்குறைவு. மிகச்சிறந்த நிபுணரோடு ஒப்பிட்டு அளக்க மாட்டார்கள். அதே இடத்தில் சராசரித் திறமையும் அக்கறையும் உள்ள இன்னொரு செவிலியர் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல்.

‘டாக்டர் சொன்னார், போட்டேன்’ என்பது முழுப் பதில் ஆகாது. தவறென்று தெரிந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றால், ஒரு வார்த்தை திருப்பிக் கேட்பது செவிலியரின் கடமை. நம் மருத்துவமனைகளில் இருக்கும் மேல்கீழ் வரிசையில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

செவிலியரின் கவனக்குறைவு என்றதும் நாடு முழுவதும் எடுத்துக்காட்டப்படுவது டெல்லி ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. டைபாய்டு காய்ச்சலோடு சேர்ந்த சிறுவனுக்கு மருத்துவர் எழுதியது குளோரோமைசெட்டின். செவிலியர் தந்தையிடம் வாங்கி வரச் சொன்னதோ மலேரியாவுக்கான லாரியாகோ. அதை நேரே நரம்பில் ஏற்றினார். சிறுவனின் இதயத்துடிப்பு நின்று, மூளை மீள முடியாமல் பாதிக்கப்பட்டது. அந்தச் செவிலியருக்கு உரிய தகுதியே இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. சிறுவனுக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் தர வேண்டும் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1998-இல் உறுதி செய்தது. பணம் கட்ட வேண்டியது மருத்துவமனை: தகுதியில்லாதவரை வேலைக்கு வைத்ததே முதல் கவனக்குறைவு.

அந்தத் தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. சேலம், நாமக்கல் வட்டாரச் சிறு நர்சிங் ஹோம்களில் வெள்ளைச் சீருடை போட்ட எல்லோரும் பதிவுபெற்ற செவிலியர்கள் என்று இன்றும் துணிந்து சொல்ல முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஏதோ ஒரு நிலையத்தில் சில மாதப் பயிற்சி பெற்று, நேராக ஊசி போட வந்துவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். குறைந்த சம்பளத்துக்கு அவர்கள் கிடைக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்குக் காரணம் இல்லை. தவறு நேர்ந்தால் முதலில் காவல் நிலையம் போகப் போவது அந்தப் பெண்தான். படிக்க வைக்காத சட்டத்தை அவள் அன்றுதான் தெரிந்துகொள்வாள்.

போனில் வந்த உத்தரவு

இரவு 2 மணி என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை எகிறிய நோயாளி. சிஸ்டர் போன் செய்கிறார். அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்: “சிக்ஸ்டீன் யூனிட் இன்சுலின் போட்டுடுங்க சிஸ்டர், காலையில வந்து எழுதிடறேன்.” சிக்னல் விட்டு விட்டு வருகிறது. சிக்ஸ்டீனா, சிக்ஸ்டியா? பதினாறா, அறுபதா? பதினாறு என்றால் நோயாளி காலையில் காபி கேட்பார். அறுபது என்றால் காலையில் எழுந்திருக்காமலே போகலாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால் கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறும். யாருக்கும் அது நினைவில் நிற்காது. கெட்டதாக முடிந்தால், போனில் என்ன சொன்னார் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. போட்டவர் கை மட்டும் சாட்சி.

இது வெறும் கற்பனை இல்லை. 2022 செப்டம்பரில் செங்கல்பட்டு மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில், மருத்துவர் பணியில் இல்லாத நேரத்தில், அவர் வீடியோ அழைப்பில் சொல்லச் சொல்லச் செவிலியர்கள் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை இறந்தது. உறவினர்கள் திரண்டார்கள், சாலை மறியல் நடந்தது. அந்த அறையில் வலியால் துடித்த பெண்ணின் முன்னால் நின்ற செவிலியர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது? மறுத்திருந்தால், ஆபத்தில் இருக்கும் பெண்ணைக் கைவிட்ட குற்றம். பார்த்ததால், இந்தக் குற்றம்.

வாய்மொழி உத்தரவை முழுக்கத் தடை செய்ய முடியாது. நெருக்கடியில் அது உயிரைக் காக்கும். உலகம் முழுதும் நல்ல மருத்துவமனைகள் செய்வது எளிமையான காரியம். கேட்டதைச் செவிலியர் அங்கேயே எழுதுகிறார். ‘ஒன்று ஆறு, பதினாறு யூனிட், சரிதானே சார்?’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்கிறார். இன்னொரு செவிலியர் ஸ்பீக்கரில் கேட்டுக் கையெழுத்திடுகிறார். நேரமும் மருத்துவர் பெயரும் பதிவாகின்றன. 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் வந்து கையொப்பமிட்டே ஆக வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

எழுதிய நேரம்

2023 ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சிகிச்சையிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் வலது கையை அகற்ற வேண்டி வந்தது. அடுத்த மாதம் அந்தக் குழந்தை இறந்தே போனது. டிரிப்ஸ் ஏறிய கை நிறம் மாறுகிறது என்று சொன்னபோதே கவனித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று தாய் கதறினார். கவனக்குறைவு இல்லை, கடுமையான நோய்த்தொற்றால் ரத்தநாளம் அடைபட்டதே காரணம் என்றது அரசு அமைத்த மருத்துவர் குழு.

எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் அந்தத் தாயும் சரி, அன்று பணியிலிருந்த செவிலியர்களும் சரி, தங்கள் பக்கத்தை நிரூபிக்க ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும்: கேஸ் ஷீட். ‘இத்தனை மணிக்குத் தாய் சொன்னார். கை வீங்கி, விரல் நுனி குளிர்ந்திருந்தது. வென்ஃப்ளான் ஊசி அகற்றப்பட்டது. இத்தனை மணிக்கு இன்ன டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது.’ இப்படி நான்கு வரி நேரத்தோடு இருந்தால் தாய்க்கு உண்மை தெரியும். செவிலியருக்கும் நியாயம் கிடைக்கும்.

நீதிமன்றத்தில் செவிலியர் பதிவேட்டை வரி வரியாகப் படிப்பார்கள். மாலை 4 மணி, 6 மணி, 8 மணி என்று மூன்று நேரத்துக்கும் ஒரே கையால் ஒரே மூச்சில் ‘பிபி 120/80’ என்று நிரப்பியிருந்தால், அதை ஒரு சாதாரண வழக்கறிஞரே பிடித்துவிடுவார். அடித்துத் திருத்தியிருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். வெள்ளை மை தடவக் கூடாது. இதெல்லாம் நர்சிங் முதலாண்டிலேயே சொல்லித் தருவதுதான். நாற்பது நோயாளிக்கு இரண்டு பேர் நிற்கும் வார்டில் கைவிட்டுப் போவதும் இதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியதும் இந்தப் பதிவில் சேர்த்தி. 1996-இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குக் கண் பரிசோதனை வேண்டும் என்று யாரும் பெற்றோரிடம் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் 1.80 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. சொல்லாமல் விட்டதற்கு அந்த விலை.

யாருடைய கையெழுத்து?

அறுவை சிகிச்சைக்கு முன் ஒப்புதல் படிவத்தை நீட்டுவது பெரும்பாலும் செவிலியர்தான். “இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா.” அம்மா கைநாட்டு வைக்கிறார். என்ன சிகிச்சை, ஏன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று ஒன்றும் தெரியாது.

2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். செல்லாது என்றது நீதிமன்றம். அவசர உயிராபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பும் வயதுவந்த பெண்ணுக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். தாயோ கணவரோ மாற்றாக முடியாது. விளக்கிச் சொல்வது மருத்துவரின் வேலை. செவிலியர் அதற்குச் சாட்சி மட்டுமே. நடைமுறையில் இரண்டு வேலையும் செவிலியர் தலையில் விழுகிறது. பிரசவ மேசையிலேயே, கேட்காமல் காப்பர்-டி பொருத்திவிட்டார்கள் என்ற மனக்குறை நம் கிராமங்களில் புதிதல்ல. அந்தப் பெண்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்? தெருவில் தினம் பார்க்கும் கிராம சுகாதார செவிலியரிடம்தான்.

பதினேழு வயதுக் கர்ப்பிணி

சேலம், தர்மபுரி, நாமக்கல் பக்கத்தில் செவிலியரை அதிகம் வாட்டும் சட்டச் சிக்கல் எது என்று கேட்டால் ஊசியையோ மருந்தையோ சொல்ல மாட்டார்கள். ஆதார் அட்டையைச் சொல்வார்கள்.

கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்க வரும் பெண்ணுக்குக் கழுத்தில் தாலி இருக்கிறது. ஆதாரில் பதினேழு வயது இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. “எழுதாம விட்டுடுங்க சிஸ்டர், மருமகன் உள்ள போயிட்டா புள்ள என்ன பண்ணுவா?” என்று பெண்ணின் தாய் அழுவார்.

சொன்னால் கணவன் சிறையில். அடுத்த வீட்டில் இதே வயதுப் பெண் கர்ப்பமானால் அவளை யாரும் அரசு மருத்துவமனைக்கு அழைத்து வர மாட்டார்கள். ரத்தசோகையோடு, ஊசி இல்லாமல், இரும்புச்சத்து மாத்திரை இல்லாமல், வீட்டிலோ போலி மருத்துவரிடமோ பிரசவம். சொல்லாவிட்டால் செவிலியர் மீது வழக்கு. தகவல் சொன்ன மறுநாளே அதே கிராமத்துக்குள் தனியாக ஸ்கூட்டியில் போய்த் தடுப்பூசி போட வேண்டியவரும் அவர்தான்.

குழந்தைத் திருமணம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சட்டம் தகவல் சொல்லச் சொல்வதும் சரியே. ஆனால் அந்தச் சுமையை ஒரு தனி ஆள் மேல் ஏற்றியிருக்கிறோம். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் வயது நிரம்பாத பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயர், அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்றது. நல்ல தீர்ப்பு. அதிலும் பேசப்பட்டது பதிவுபெற்ற மருத்துவரைப் பற்றி. வயதை முதலில் கண்டுபிடித்து, முதலில் பதிந்து, முதலில் வசவு வாங்கும் செவிலியர் அங்கும் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

விபத்து, அடிதடி, விஷம் என்று வருகிறவர்களை ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிந்து காவல்துறைக்குத் தகவல் அனுப்புவதும் இதே வகைதான். விஷம் குடித்தவரைக் கொண்டுவரும் குடும்பம் ‘போலீஸ் கேஸ் வேண்டாம்’ என்று மன்றாடும். அவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-ஆவது பிரிவே இல்லை. என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று மறைக்காமல் சொன்னால்தான் உயிர் பிழைக்கும்.

ராசிபுரம் நினைவிருக்கட்டும்

செவிலியருக்காகப் பேசும்போது மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில், அரசு மருத்துவமனையில் பணியாற்றி விருப்ப ஓய்வு பெற்ற பெண் ஒருவர் குழந்தைகளுக்கு விலை பேசும் ஒலிப்பதிவு வெளியாகித் தமிழகமே அதிர்ந்தது. கொல்லிமலை வரை நீண்ட அந்த வழக்கில் மருத்துவத் துறையைச் சேர்ந்த மற்றவர்களும் கைதானார்கள். விசாரணை சிபிசிஐடி வசம் போனது.

குழந்தையை விற்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று சொல்லும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு, மருத்துவமனைப் பணியாளர் தம் பொறுப்பில் இருக்கும் குழந்தையை விற்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை என்று தனியாகக் கூட்டுகிறது. சரியான சட்டம். பிறந்த குழந்தையை முதலில் கையில் வாங்குகிறவர் செய்யும் துரோகத்துக்குத் தண்டனை கூடுதலாகவே இருக்க வேண்டும். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது இந்த மண்ணில் பெண் சிசுக்கள் பட்ட பாட்டினால். கருவில் பாலினம் பார்த்துச் சொல்லும் கும்பல்களில் செவிலியர் படிப்புப் படித்தவர்கள் பிடிபடும் செய்தி வரும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது. இங்கே இரக்கத்துக்கு இடமே இல்லை.

வேண்டுமென்றே செய்த குற்றத்தையும், பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு செய்த தவறையும் சட்டம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

தவறுக்கும் குற்றத்துக்கும் நடுவே

2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டைப் போட்டது. லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது, நோயாளி இறந்தார். சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டுக்கு உரியது. குற்ற வழக்குக்கு அது மிக மோசமான அளவில் இருக்க வேண்டும். சுயேச்சையான மருத்துவக் கருத்தைப் பெறாமல் மருத்துவர் மீது நடவடிக்கை கூடாது. வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது என்றது தீர்ப்பு.

வார்டில் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று தினம் பார்ப்பது யார் வேலை? ஆனால் அந்தத் தீர்ப்பின் வழிகாட்டுதல்கள் மருத்துவரைக் குறித்து எழுதப்பட்டவை. இந்த இடைவெளியைக் கண்டு, 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் அதே பாதுகாப்பைச் செவிலியருக்கும் நீட்டிக்கச் சுற்றறிக்கை பிறப்பிக்கும்படி அம்மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

தண்டனையைக் கூட்டினால் தவறு குறையும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் நாஷ்வில் நகர வழக்கைப் பார்க்கலாம். 2017-இல் அங்கே ஒரு செவிலியர் தூக்கத்துக்கான மருந்துக்குப் பதில் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தை ஏற்றிவிட்டார்; நோயாளி இறந்தார். தவறை அவரே ஒப்புக்கொண்டார். 2022-இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. இனி எந்தச் செவிலியர் தன் தவறைத் தானே சொல்வார் என்று அந்நாட்டுச் செவிலியர் அமைப்புகள் கேட்டன. தவறு வெளியே வராத மருத்துவமனையில் அடுத்த நோயாளிக்கும் அதுவே நடக்கும்.

இங்கே நிலைமை இன்னும் இறுக்கம். 106-ஆவது பிரிவின் முதல் பகுதி ஜாமீனில் விடக்கூடியதுதான். ஆனால் வழக்குப் பதிந்த அன்றே பணியிடை நீக்கம், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) மெமோ, செய்தித்தாளில் படம். நிரந்தரப் பணியில் இருப்பவருக்காவது மெமோவுக்குப் பதில் எழுத வாய்ப்பு உண்டு. ஒப்பந்தச் செவிலியருக்கு? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015 முதல் எடுக்கப்பட்டவர்கள் தொடக்கத்தில் வாங்கியது மாதம் 7,700 ரூபாய். கரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 2,400 பேரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் நின்றது; 2023 ஜனவரி தொடக்கத்தில் சேலத்தில் கூடிப் போராடியவர்கள் அவர்கள்தாம். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர், ‘இந்த டோஸ் அதிகம் சார்’ என்று எப்படிச் சொல்வார்?

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல், பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்றுக்கு ஒருவர். இரவில் ஏதாவது ஓர் அரசு வார்டுக்குள் போய் எண்ணிப் பாருங்கள். ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவைத் தொடர்ந்து அமைந்த குழு சொன்னது. அது பரிந்துரையாகவே கிடக்கிறது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை சட்டமன்றத்தில். குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலம் திருத்தலாம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட 2025 ஜனவரியில் தமிழக சட்டமன்றம் இதே நியாய சன்ஹிதாவுக்குத் திருத்தம் நிறைவேற்றியது. 106-ஆவது பிரிவின் விளக்கத்தில் ‘பதிவுபெற்ற செவிலியரும் மகப்பேறு உதவியாளரும்’ என்று சேர்க்க ஒரு வரி போதும். சேலம், நாமக்கல் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள் யாராவது ஒருவர் இதை எழுப்பட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். கேரள உயர் நீதிமன்றம் சொன்னதுபோல, நிபுணர் கருத்து பெறும் முன் செவிலியரைக் கைது செய்யக் கூடாது என்று உள்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அந்த நிபுணர் குழுவில் ஒரு மூத்த செவிலியரும் இருக்க வேண்டும். இரவு வார்டில் என்ன சாத்தியம் என்பதை அவர்தான் அறிவார்.

போக்சோ தகவலைச் செவிலியர் தனியாகத் தர வேண்டியதில்லை என்று சுகாதாரத் துறை தெளிவுபடுத்த வேண்டும். நிலையத்தின் மருத்துவ அலுவலர் பெயரில் அது போகட்டும். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அந்தக் குடும்பத்தைச் சந்திக்கட்டும். செவிலியர் பெயர் காகிதத்தில் வர வேண்டாம்.

தனியார் மருத்துவமனைகளில் ஒவ்வொருவர் சட்டையிலும் பெயரோடு, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் மன்றப் பதிவு எண் இருக்க வேண்டும். நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் ஆய்வுக்குப் போகும்போது கட்டடத்தையும் படுக்கையையும் எண்ணுவதோடு இந்த எண்களையும் சரிபார்க்கட்டும். எண் இல்லாதவர் ஊசியைத் தொடக் கூடாது.

நோயாளியோடு வருகிறவர்களுக்கும் சில வேலை உண்டு. என்ன ஊசி, எதற்கு என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முன்பு எந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்தது என்பதைச் சேர்க்கும்போதே சொல்லி, எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. தனியார் மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம். அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சைக்கு அந்த வழி இல்லை; உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ போகலாம். ஆத்திரத்தில் செவிலியர் மேல் கை வைத்தால், 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டப்படி மூன்று முதல் பத்தாண்டு வரை சிறை. செவிலியரையும் பெயர் சொல்லிக் காக்கும் அரிய சட்டம் இது.

சென்னையின் ஆணைக்கோ டெல்லியின் திருத்தத்துக்கோ காத்திராமல் ஓமலூரிலேயே நாளைக்குத் தொடங்கக் கூடியவையும் உண்டு. வார்டு வாசலில் ஒரு பலகை: இந்த ஷிப்டில் இத்தனை நோயாளி, இத்தனை செவிலியர், பணி மருத்துவர் இன்னார். செவிலியர் மேசையில் போன் உத்தரவுக்கென்று ஒரு தனிப் பதிவேடு: நேரம், மருந்து, அளவு இலக்கத்திலும் எழுத்திலும், சொன்னவர், கேட்டவர், உடன் கேட்டவர், மருத்துவர் கையொப்பம். அறுவை சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் பெரிய எழுத்துத் தமிழில் ஒப்புதல் படிவம். விளக்கியவர் என்ற இடத்தில் மருத்துவர் கையெழுத்து, சாட்சி என்ற இடத்தில் செவிலியர் கையெழுத்து. மாதம் ஒருமுறை, பெயர் சொல்லாமல், நேர்ந்த தவறுகளையும் நேரவிருந்து தப்பியவற்றையும் பேச ஒரு மணி நேரம். அதில் பேசியதை வைத்து யாருக்கும் மெமோ தரக் கூடாது. தலைமை மருத்துவ அலுவலரும் செவிலியர் கண்காணிப்பாளரும் ஒப்புக்கொண்டால், இதற்கு ஆகும் செலவு ஒரு பலகை, ஒரு கோடு போட்ட நோட்டு, சில கட்டுக் காகிதம்.